மூத்தது மணலில் நிற்கிறது

1

இந்தக் கதை எனக்குச் செட்டிகுளத்தில், ஒரு முகாமின் வேலிக்கு வெளியே கிடைத்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, யூன் மாதம். சண்டை முடிந்து, முள்ளிவாய்க்காலில் மிஞ்சிய சனத்தையெல்லாம் கொண்டுவந்து கம்பிக்குள் விட்டிருந்த காலம். என் மனைவியின் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். பார்த்தேன். உயிரோடு இருந்தாள். கொண்டுபோன சவர்க்காரத்தையும் பால்மாவையும் கொடுத்துவிட்டு, வெளியே ஒரு பாலை மரத்தின் கீழ் பஸ்ஸுக்காக நின்றேன்.

பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண் நின்றார். என்னைவிட இரண்டொரு வயது மூப்பாக இருக்கலாம். என் கையிலிருந்த பத்திரிகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்.

"தம்பி, செவ்வாயில புதைஞ்ச அந்த வண்டி வெளியில வந்திட்டுதாமோ?"

நான் பத்திரிகையை விரித்துத் தேடினேன். முதற் பக்கம் முழுவதும் வெற்றி விழா. உள்ளே மரண அறிவித்தல்கள். செவ்வாய்க் கோள் எங்குமே இல்லை.

"ஒண்டும் போடேல்லை அக்கா."

"போடமாட்டாங்கள்," என்றார். பிறகு, எனக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தவர் போல, "உள்ளுக்கு ஒராள் இருக்கிறா. வந்தால் முதல் அதைத்தான் கேப்பா," என்றார்.

வந்தால். அந்தச் சொல்லோடு நான் வீட்டுக்கு வந்தேன். உள்ளே இருப்பவர் உண்மையில் உள்ளேதான் இருக்கிறாரா என்பது மரத்தடியில் நின்ற அந்தப் பெண்ணுக்கே தெரியாது என்று பஸ் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் நான் கட்டியது. (இல்லை, இன்னும் ஒன்றும் பார்த்தேன். அதைக் கடைசிக்கு ஒளித்து வைத்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இந்த அளவு களவுக்கு அனுமதி உண்டு.)

2

தொடக்கங்கள்.

"2004ஆம் ஆண்டு தை மாதம், அமெரிக்கா அனுப்பிய ஆறு சில்லு வண்டி ஒன்று செவ்வாய்க் கோளின் —"

என் மனைவி விமலேஸ்வரி தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "இதென்ன, எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகமோ?" என்றாள். கிழித்தேன்.

"செந்நிறப் பாலைவெளியில் தன்னந்தனியே ஓர் —"

இதை அவள் வாசிக்கும் முன்பே கிழித்தேன். தன்னந்தனியே என்று தொடங்குகிற கதைகளை நானே இரண்டாம் பக்கம் புரட்டுவதில்லை.

"கமலேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள்."

இது நிற்கட்டும். உள்ளே இருப்பவருக்குக் கமலேஸ்வரி என்று பெயர் வைத்தேன். மரத்தடியில் நின்றவருக்கு நஸ்மியா. இருவரும் முல்லைத்தீவில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நஸ்மியா வீட்டாரும் ஒற்றைப் பையோடு புத்தளம் போனார்கள். பின்னர் அவள் வவுனியாவில் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் முன்ஸிரைக் கலியாணம் முடித்தாள். கமலேஸ்வரி கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை பார்த்து, ராஜரத்தினம் என்ற கமக்காரனைக் கட்டினாள். ராஜரத்தினத்திடம் நெல்வயலும் லாண்ட்மாஸ்ரர் என்கிற ஒரு கை உழவு இயந்திரமும் எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயமும் இருந்தன. சமாதானம் வந்து, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 பாதை திறந்தபோது, பன்னிரண்டு வருடம் ஒருவரையொருவர் காணாத இந்த இரண்டு பேரும் சந்திக்க ஏற்பாடாகிறது.

அதனால்தான் கமலேஸ்வரி மணிக்கூட்டைப் பார்க்கிறாள்.

3

வான் சாரதி ஒருவரிடம் நஸ்மியா சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, கிளிநொச்சி பஸ் நிலையத்தடி.

கமலேஸ்வரி கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு பத்துக்கு முன்னரே வந்து நின்றாள். பத்தானது. பதினொன்றானது. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிற முகங்களைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு முகம் எவ்வளவு மாறும் என்று தெரியாததால், தலையில் துணி போட்ட எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். மத்தியானம் வீட்டுக்கு நடந்தாள்.

"வரேல்லையப்பா," என்றாள் கணவனிடம்.

ராஜரத்தினம் லாண்ட்மாஸ்ரருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "எந்தப் பத்துக்கு வாறனெண்டு சொன்னவா?"

"பத்துக்குப் பத்துத்தானே!"

"எங்கட பத்தோ, அவையின்ர பத்தோ?"

வெளியூர் வாசகருக்கு இங்கே ஒரு குறிப்பு.* தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் வன்னி தள்ளவில்லை. அதனால் ஓமந்தைச் சோதனைச்சாவடிக்குத் தெற்கே புதிய நேரம், வடக்கே பழைய நேரம். இடையில் அரை மணித்தியாலம். ஓமந்தையைத் தாண்டும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மணிக்கூட்டு முள்ளைத் திருகுவார்கள். பழக்கம் இல்லாதவர் திருகமாட்டார்.

(* இதை மட்டும் நான் கட்டவில்லை. எந்தக் கதாசிரியனுக்கும் இவ்வளவு துணிச்சல் வராது.)

நஸ்மியா திருகவில்லை. தன் பத்து மணிக்கு வந்து நின்றாள். அப்போது கிளிநொச்சியில் ஒன்பதரை. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலாப்பத்தைத் தகரப் பேணியில் கொண்டுவந்திருந்தாள். இருபது நிமிடம் பார்த்தாள். பிறகு புறப்படத் தயாராய் நின்ற வவுனியா பஸ்ஸில் ஏறினாள். அந்த பஸ் கிளப்பிய தூசு அடங்க முன்னர் கமலேஸ்வரி வந்து சேர்ந்தாள்.

இருபது நிமிடம் போதுமா என்று விமலேஸ்வரி கேட்டாள். பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவள் இன்னும் கொஞ்சம் நிற்கமாட்டாளா? நான் அதை யோசித்துத்தான் எழுதினேன். ஒருமுறை துரத்தப்பட்ட வன்னிக்குள் அந்நியமாக நிற்கிறவளுக்கு இருபது நிமிடம் மிக நீளம்.

அடுத்த கிழமை கமலேஸ்வரி வவுனியாவுக்குப் போனாள். கடையைத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்ததும் தன் கையை நீட்டி, நஸ்மியாவின் கையைப் பிடித்து, இரண்டு மணிக்கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"பார். நானும் வந்தனான். நீயும் வந்தனீ."

நஸ்மியா முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"நீ வேணுமெண்டுதான் வரேல்லையெண்டு நினைச்சன்டி. எங்களை அனுப்பின அண்டைக்கும் நீ கேற்றடிக்கு வரேல்லை."

"அம்மா அறைக்க விட்டுப் பூட்டினவா. யன்னலால கூப்பிட்டனான். உனக்குக் கேக்கேல்லை."

"கேக்கேல்லை," என்றாள் நஸ்மியா. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இனி நான் எங்க நிண்டாலும் அரை மணித்தியாலம் கூட நிப்பன். நீ எந்த நேரத்தில வந்தாலும் நான் இருப்பன்."

(வாசகரே, இந்த வசனத்துக்குக் கீழே கோடு போடவேண்டாம். எனக்கே தெரியும்.)

4

இப்போது செவ்வாய்.

2004 பொங்கலுக்குப் புடவை எடுக்கக் கமலேஸ்வரி வவுனியாவுக்கு வருகிறாள். முன்ஸிரின் கடையில் வரிசையாக எல்லாத் தொலைக்காட்சிகளும் ஒரே செய்தியைக் காட்டுகின்றன. ஒரு பெட்டியில் நிலம் சிவப்பு, அடுத்ததில் றோஸ், மூலையில் நின்ற பழையதில் பச்சை. எது உண்மையான செவ்வாய் என்று நஸ்மியா கேட்க, "இதுதான் அசல். ஜப்பான் செற்," என்று முன்ஸிர் விலை கூடிய பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

கமலேஸ்வரி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். கல்லும் சிவப்புக் கிறவல் மண்ணும் தூசும்.

"இது எங்கட அக்கராயன் றோட்டெல்லோ!"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. தினமும் சைக்கிளில் போகிற பாதையை எவனோ வானத்தில் கொண்டுபோய் விரித்துவிட்டிருந்தான். அதிலே ஒரு வண்டி நிற்கிறது. சோதனைச்சாவடி இல்லை. பாஸ் இல்லை. இறங்கு, ஏறு என்று சொல்ல ஆள் இல்லை. அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இலேசாகிப் போனது.

வண்டி இரண்டு என்றார்கள். ஒன்று இறங்கிவிட்டது, அதற்கு ஸ்பிரிட் என்று பெயர். மற்றது ஒப்பர்சூனிற்றி, இன்னும் வந்துகொண்டிருக்கிறது, கோளின் மறுபக்கத்தில் இறங்கும். இந்தப் பெயர்கள் இருவரின் வாயிலும் நிற்கவில்லை. முதலில் வந்ததை மூத்தது என்றும் பின்னால் வருவதை இளையது என்றும் வைத்துக்கொண்டார்கள்.

"மூத்தது எனக்கு," என்றாள் கமலேஸ்வரி.

"எடு. எனக்கு வந்துகொண்டிருக்கிறது காணும்," என்றாள் நஸ்மியா, அதுவே போதும் என்பது போல.

செவ்வாயின் ஒரு நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் அளவில் நீளம் என்றும், அந்த வண்டிகளை ஓட்டுகிற பொறியியலாளர்கள் செவ்வாய் நேரத்துக்கு மெதுவாக ஓடும் மணிக்கூடு கட்டியிருக்கிறார்கள் என்றும் செய்தியில் சொன்னார்கள். தோழிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உலகத்தில் தங்களைப் போல இரண்டு நேரத்தில் வாழ்கிற இன்னொரு கூட்டம் இருப்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்தது.

"அப்ப அங்க பழைய நேரமோ?"

"அங்க அதைவிடப் பழசு."

மூன்று மாதம் ஓடினாலே போதும் என்றுதான் அந்த வண்டிகளைச் செய்தார்களாம். சமாதானமும் அப்படித்தான் என்று கடையில் யாரோ சொன்னார்கள். இரண்டுமே அதற்கு மேலும் ஓடின.

5

இனி என் சந்தேகங்கள்.

கிளிநொச்சிக் கூட்டுறவுச் சங்கத்தில் சீனியும் மாவும் பங்கிடுகிற ஒருத்தி செவ்வாயைப் பின்தொடர்வாளா? ஒரு நண்பர் கேட்டார்: "அங்க சனம் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இருந்தது. ஆர் மேல பாத்தது?" எனக்குக் கோபம் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மேலே பார்ப்பதில்லை என்று இவருக்கு யார் சொன்னது? கிபிர் விமானத்துக்காக நாள் முழுவதும் வானத்தைப் பார்த்த சனம் அது. பொழுதுபட்டபின் அதே வானத்தில் வேறு எதையாவது பார்க்க ஆசைப்பட்டிருக்காதா?

இன்னொரு சந்தேகம் விமலேஸ்வரியுடையது. "ரெண்டு சிநேகிதி, ரெண்டு வண்டி, ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம். இவ்வளவு நேர்த்தியா எங்கயும் நடக்காதப்பா." நேர்த்தி என்னுடையதல்ல. கோளின் அந்தப் பக்கம் ஒன்றையும் இந்தப் பக்கம் ஒன்றையும் இறக்கியது அமெரிக்காக்காரன். அவனோடு போய்ச் சண்டை பிடிக்கட்டும்.

அடுத்ததும் என் குற்றமல்ல. 2005இல் இளையது ஒரு மணல் திட்டியில் புதைந்து கிடந்தது. நஸ்மியா சாப்பாட்டில் மனம் வைக்கவில்லை என்று முன்ஸிர் தொலைபேசியில் முறையிட்டான். கமலேஸ்வரி அடுத்த பஸ்ஸிலேயே ராஜரத்தினத்தையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் கடைக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்துகொண்டு தீர்ப்புச் சொன்னான்.

"சேத்துக்க லாண்ட்மாஸ்ரர் புதைஞ்சால் என்ன செய்யிறது? சில்லுக்குக் கீழ பலகை வைச்சு, நாலு பேர் பின்னால நிண்டு தள்ளவேணும்."

"அங்க ஆரப்பா தள்ளுறது?" என்றாள் கமலேஸ்வரி.

"அதுதானே சொல்லுறன். தள்ள ஆளில்லாத இடத்துக்கு வண்டியை விடக்கூடாது."

நஸ்மியாவின் கண் நிறைந்துவிட்டதைக் கண்டு கமலேஸ்வரி அவனை முறைத்தாள். பிறகு தோழியின் பக்கம் திரும்பி, "அது வெளியில வரும். பொறுத்திருந்து பார். மெல்ல மெல்ல வரும்," என்றாள்.

வந்தது. சில கிழமைகளில், அங்குலம் அங்குலமாக. நஸ்மியா வட்டிலாப்பம் செய்து ஓமந்தையால் அனுப்பினாள். சாவடியில் நின்றவன் பேணியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, என்ன விசேசம் என்று வான் சாரதியைக் கேட்டானாம். சாரதி உள்ளதைச் சொன்னான். சாவடிக்காரன் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போகவிட்டான்.

6

2006 சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளியது. பழைய நேரமும் புதிய நேரமும் ஒன்றாயின. ஓமந்தையில் யாரும் முள்ளைத் திருகத் தேவையில்லை. அதே வருடம் ஆவணியில் சண்டை மீண்டும் தொடங்கிப் பாதை இறுகியது. நேரம் ஒன்றான வருடத்தில்தான் ஆட்கள் பிரிந்தார்கள். (விமலேஸ்வரி, இதுவும் நான் செய்ததல்ல.)

நஸ்மியா வவுனியாவில். கமலேஸ்வரி கிளிநொச்சியில். கொஞ்சக் காலம் தொலைபேசி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. மிஞ்சியது வானொலிதான். லண்டனிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியை இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

வன்னிக்குள் பற்றரி வரத்து நின்றபோது ராஜரத்தினம் பழைய வித்தைக்குத் திரும்பினான். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் எல்லா வீட்டிலும் செய்ததுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, வயரை வானொலியில் கொழுவி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றினால் செய்தி கேட்கும். கை ஓய்ந்தால் லண்டன் மங்கிப் போகும்.

மூத்ததின் முன்சில்லு ஒன்று பழுதாகிச் சுற்றாமல் நின்றுவிட்டது என்றும், அந்தச் சில்லை இழுத்துக்கொண்டு அது பின்னோக்கி ஓடுகிறது என்றும் செய்தி சொன்னது.

"பாத்தீரே!" என்றான் ராஜரத்தினம் பெடலைச் சுற்றியபடி. "முன்சில்லு பிடிச்சால் றிவேர்ஸ்தான் ஒரே வழி. நான் சொல்லேல்லையே?"

"நீங்கள் அப்பிடிச் சொல்லவே இல்லை. சுத்துங்கோ."

பின்னொரு நாள் இன்னொரு செய்தி வந்தது. அந்த ஓடாத சில்லு நிலத்தைக் கீறிக்கொண்டு போன இடத்தில், சிவப்பு மண்ணுக்குக் கீழே வெள்ளை மண் தெரிந்ததாம். ஒரு காலத்தில் அங்கே சுடுநீர் இருந்ததற்கு அது சாட்சியாம். சில்லு நல்லாக இருந்திருந்தால் யாருமே அதைக் கண்டிருக்கமாட்டார்கள். கமலேஸ்வரிக்கு அது பிடித்துப்போனது. வேலைக்குப் போகும் வழியில் அக்கராயன் றோட்டில் சைக்கிளை நிறுத்தி, செருப்பு முனையால் கிறவலைக் கிளறிப் பார்த்தாள். கீழேயும் சிவப்புத்தான். அவள் வெள்ளை மணலைப் பார்க்க இன்னும் —

இந்த வசனத்தை இப்படியே விடுகிறேன். வெள்ளை மணல் கிழக்கே, கடற்கரையில் இருக்கிறது. நான் அங்கே போக இன்னும் தயாராகவில்லை.

7

ஏழாம் பகுதி ஒன்று எழுதினேன். கிளிநொச்சியிலிருந்து கிழக்கே போன இடம்பெயர்வு. லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் கூரைத் தகரம், நெல்மூடை, தலைகீழாகக் கட்டிய சைக்கிள். ஊர் ஊராக, கொட்டில் கொட்டிலாக. வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவியின் தங்கை அதே பாதையால் வந்தவள், அதைப் பற்றி இன்றுவரை வாய் திறக்காதவள். அவள் சொல்லாததை நான் சொல்வதா என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு கனவு வைக்கிறேன். கனவுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

கமலேஸ்வரி செவ்வாயில் நடந்துகொண்டிருக்கிறாள். அக்கராயன் றோட்டுத்தான், ஆனால் முடிவே இல்லை. பகல் வானம் கிறவல் தூசின் நிறம். உடம்பு பாரமில்லாமல் இருக்கிறது. ஒரு எட்டு வைத்தால் இரண்டு எட்டுத் தூரம் போகிறது. தோளில் மூட்டை இல்லை. முதன்முறையாக அவள் எதையும் தூக்காமல் போகிறாள். பொழுது படுகிறது. நஸ்மியா ஒருநாள் பத்திரிகையில் காட்டிய படத்தில் இருந்தது போலவே, சூரியனைச் சுற்றி நீலம். இங்கே பகல் முழுவதும் நீலமாக இருந்துவிட்டுப் பின்னேரம் சிவக்கிறது, அங்கே மாறி நடக்கிறது. சத்தமே இல்லை. அவ்வளவு நிம்மதியான சத்தமின்மையை அவள் மறந்தே போயிருந்தாள்.

தூரத்தில் மூத்தது போகிறது. பின்னோக்கி, ஒரு காலை இழுத்து இழுத்து, வெள்ளைக் கோடு கீறியபடி. அவள் அந்தக் கோட்டில் கால் வைத்து நடக்கிறாள். மணல் குளிர்கிறது. ஓடிப்போய்த் தள்ளவேண்டும் என்று நினைக்கிறாள். எவ்வளவு நடந்தாலும் கிட்ட வரவில்லை. ஆனாலும் அவளுக்குக் கவலையில்லை, ஏனென்றால் அங்கே நாள் கொஞ்சம் நீளம், நேரம் இருக்கிறது.

யாரோ அவளைத் தட்டி எழுப்புகிறார்கள். எழும்பும், வெளிக்கிடவேணும் என்கிறது ராஜரத்தினத்தின் குரல்.

8

2009 மே மாதம். மூத்தது மணலில் புதைந்தது. மேலே பார்வைக்குக் கெட்டியாக இருந்த நிலம், சில்லு பட்டதும் உடைந்து, உள்ளே மாவைப் போன்ற மணல். எந்தப் பக்கம் சுற்றினாலும் இன்னும் தாழ்ந்தது. வவுனியாக் கடையில் அந்தச் செய்தியைப் பார்த்தபோது நஸ்மியா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அதற்கு முதல் செய்தி முள்ளிவாய்க்கால்.

இங்கே நான் சொல்லவேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. மூத்ததை வெளியே எடுக்க அந்தப் பொறியியலாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். பூமியில் ஒரு கொட்டகைக்குள் அதே மாதிரி மணலைக் கலந்து கொட்டி, அதே மாதிரி இன்னொரு வண்டியை அதில் புதையவிட்டு, இப்படிச் சுற்றினால் வருமா, அப்படித் திருப்பினால் வருமா என்று பார்த்தார்கள்.

இந்தக் கதையும் அந்தக் கொட்டகைதான். நஸ்மியா போன்ற ஒருத்தியை வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். கமலேஸ்வரி போன்ற ஒருத்தியை மணலில் விட்டிருக்கிறேன். எப்படி வெளியே எடுப்பது என்று பார்க்கிறேன். ஒரேயொரு வித்தியாசம். அவர்கள் இங்கே சரிவந்ததை அங்கே கட்டளையாக அனுப்பலாம். எனக்குச் சரிவந்தால் நான் எங்கே அனுப்புவது?

ஆனாலும் பார்த்தேன்.

ஒரு விதமாக: ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறார்கள். கமலேஸ்வரி ராஜரத்தினம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி வருகிறாள். மெலிந்து, தலைமயிரைக் கட்டையாக வெட்டி, யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு. நஸ்மியாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வந்தவள் கம்பியில் விரல்களைக் கொழுவிக்கொண்டு கேட்கிறாள்.

"மூத்தது வெளியில வந்திட்டுதோ?"

"ஓம்," என்கிறாள் நஸ்மியா. "வந்திட்டுதடி."

விமலேஸ்வரி இதை வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். "அவ பொய் சொல்லமாட்டா. நான் தங்கச்சியைப் பாக்கப் போயிருந்தால் பொய் சொல்லியிருப்பனோ?" கொஞ்ச நேரம் குசினிக்குள் நின்றுவிட்டு வந்து, "திருத்துங்கோ," என்றாள். திருத்தினேன்.

"இல்லையடி. இன்னும் மணலுக்கதான் நிக்குது. ஆனா கதைக்குதாம். ஒவ்வொரு நாளும் கதைச்சுக்கொண்டுதான் இருக்குதாம்."

"அது காணும்," என்கிறாள் கமலேஸ்வரி. கம்பியில் நெற்றியை வைக்கிறாள்.

(இது உண்மை. அந்த மாதத்தில் மூத்தது நகரவில்லை, ஆனால் பேசிக்கொண்டிருந்தது.)

இன்னொரு விதமாக: பெயரைக் கூப்பிட, ராஜரத்தினம் மட்டும் வருகிறான். எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் இருந்த மனிதன், கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவளைப் பார்த்து, "தங்கச்சி, நாங்கள் தள்ளத்தான் பாத்தனாங்கள், ஆனா —"

முடியவில்லை. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அவன் 'ஆனா'வில் நின்றுவிட்டான்.

மற்ற விதத்தை நான் எழுதவில்லை. எழுதுவது கஷ்டமென்று அல்ல. பெயரைக் கூப்பிடுகிறார்கள், யாரும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் அந்த வேலியடியில் நின்ற யாருக்கும் அதைப் புனையத் தேவை இருக்கவில்லை.

9

கடைசிக்கு ஒளித்துவைத்தது இதுதான்.

செட்டிகுளத்தில், அந்தப் பாலை மரத்தடியில், அந்தப் பெண் என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒருவன் கையை வீசிக்கொண்டு வந்தான். சனம் கலைந்தது. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். பஸ் வந்தது. அன்றைக்கு அதுதான் கடைசி என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நான் ஏறிவிட்டுப் படியில் நின்று கூப்பிட்டேன்.

"அக்கா, பஸ் வெளிக்கிடப் போகுது."

அவர் தன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நீங்கள் போங்கோ தம்பி. எனக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு."

"நேரம் முடிஞ்சுதெண்டு சொல்லிப்போட்டாங்களே அக்கா."

"அது அவங்கட நேரம்," என்றார்.

நாட்டில் நேரம் ஒன்றாகி மூன்று வருடம் கடந்துவிட்டது என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. பஸ் நகர்ந்தது. கண்ணாடியால் திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு பேணியோடு, வேலியைப் பார்த்தபடி, அதே இடத்தில் நின்றார். அந்த அரை மணித்தியாலம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளத்தான் பஸ் நிலையம், தொலைக்காட்சிக் கடை, தலைகீழாய் நின்ற சைக்கிள் எல்லாவற்றையும் கட்டினேன். நான் கட்டியது பிழையாகவும் இருக்கலாம்.

நான் பஸ்ஸில் ஏறிவிட்டவன். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நீங்கள் ஏறவில்லை. மரத்தடியில் இடம் இருக்கிறது, அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். வெயில் இறங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், கூடாரங்களுக்கு இடையில் யாரோ நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகிறவராகவும் இருக்கலாம். வந்து கேட்டால் என்ன சொல்வதென்று உங்களுக்குத் தெரியும். இன்னும் மணலுக்குள்தான் நிற்கிறது, ஆனால் கதைக்கிறது.